1883, மதுரை ஜில்லா: ஒரு சோடி மாடு, இரண்டு பித்தளைக் குடம், ஒரு சோடி வெள்ளித் தண்டை களவு போனால் என்ன நடக்கும்?

#1 வைகைக்கரையான்

களம் இதுதான். 1883, மதுரை ஜில்லாவில் ஒரு புஞ்சைக் கிராமம். ஒரு சம்சாரி (குடியானவன்) வீட்டில் ராத்திரி சுவரில் கன்னம் வைத்து (ஓட்டை போட்டு) இரண்டு பித்தளைக் குடமும் ஒரு சோடி வெள்ளித் தண்டையும் போய்விட்டன. வெளியே தொழுவத்தில் கட்டியிருந்த உழவு மாடு இரண்டையும் அவிழ்த்துக்கொண்டு போய்விட்டார்கள்.

விடிந்ததும் அந்த ஆள் யாரிடம் போவான்? என்ன செலவாகும்? மூன்றில் எது திரும்பி வரும், எது வராது? "போலீஸ் வந்தது, பிடித்தது" என்ற அளவில் நிற்காமல், அன்றைய நடைமுறை தெரிந்தவர்கள் படிப்படியாகச் சொன்னால் நல்லது. சென்னைப் பட்டணத்துக்குச் சட்டமும் போலீசும் வேறு. அதை இங்கே இழுக்க வேண்டாம்.

#2 சாவடி

முதல் வேலை தடம் பார்ப்பது. மாட்டின் குளம்படியும் ஆளின் காலடியும் தெளிவாக விழுந்த இடத்தில் மண்சட்டியைக் கவிழ்த்து வைப்பார்கள். ஊர் மாடு வெளியே போகும் நேரத்துக்குள் இதைச் செய்யாவிட்டால் மிதிபட்டு அழிந்துவிடும். கிராமச் சேவகனான தலையாரி அந்தத் தடத்தைப் பிடித்துக்கொண்டு எல்லை வரை போவான். ஆற்று மணல், கல் பாறை, வண்டிப்பாதை ஆகிய மூன்று இடங்களில் தடம் செத்துவிடும். மாடு ஓட்டுகிறவனுக்கும் இது தெரியும் என்பதால் அவன் அந்த வழியாகவே போயிருப்பான்.

அப்புறம் அவனுக்கு முன்னால் இரண்டு வாசல்.

ஒன்று சர்க்கார் வாசல், அதாவது ஊர்த் தலைவரான கிராம முன்சீப். 1816-ஆம் வருஷத்து 11-வது ரெகுலேஷன் (கம்பெனி போட்ட சட்டம்) அவருக்கு வசவு, சில்லறை அடிதடி விசாரிக்கும் அதிகாரம் கொடுத்தது. 1821-இல் 4-வது ரெகுலேஷன் சில்லறைத் திருட்டையும் சேர்த்தது. ஆனால் களவு போன பொருள் 1 ரூபாய் மதிப்புக்கு மேல் போகக்கூடாது. தண்டனை சாவடியில் 12 மணி நேரம் வரை அடைத்து வைப்பது. தாழ்ந்த சாதி என்று அவர்கள் கருதியவர்களைத் தொழுமரத்தில் (காலை மாட்டிப் பூட்டும் கட்டையில்) 6 மணி நேரம் வரை மாட்டலாம். சாதி பார்த்துத் தண்டனை என்பது வழக்கமாக நடந்தது மட்டுமல்ல, சட்டத்திலேயே எழுதியிருந்தது. கதிர் கசக்கியவன், பூசணி பறித்தவன், வறட்டி தூக்கியவன் எல்லாம் இங்கேயே முடிந்துபோவார்கள். உங்கள் வழக்கு 1 ரூபாய்க்கு எங்கேயோ மேலே. அதனால் முன்சீப் செய்யக்கூடியது போலீஸ் ஸ்டேஷனுக்கும் தாலுகாவுக்கும் ரிப்போர்ட் எழுதி தலையாரி கையில் கொடுத்தனுப்புவதுதான்.

இரண்டாவது வாசல் காவல்காரன். ஊர்க் காவலுக்காக ஏருக்கு இவ்வளவு என்று பணமாகவோ, கதிரடித்த களத்தில் இத்தனை மரக்கால் என்று தானியமாகவோ வருஷம்தோறும் வாங்குகிறவன். காவலில் இருக்கும் பொருள் களவு போனால் கண்டுபிடித்துக் கொடுக்க வேண்டும், முடியாவிட்டால் ஈடு கட்ட வேண்டும் என்பது பேச்சு. பாளையக்காரர்கள் வைத்திருந்த திசைக்காவலை (பல ஊர் சேர்ந்த வட்டாரக் காவலை) 1799-1801 சண்டைகளோடு கம்பெனி ஒழித்துவிட்டது. ஊரளவில் இருந்த காவல் மட்டும் சட்டத்தின் ஆதரவு இல்லாமலே நூற்றாண்டு முழுக்க நடந்தது.

சம்சாரி முதலில் மிதிப்பது இந்த இரண்டாவது வாசலைத்தான்.

#3 பிரிவு_411

1883 நல்ல வருஷம். 1882-இன் குற்றவியல் நடைமுறைச் சட்டம் அந்த வருஷம் ஜனவரி 1-ஆம் தேதிதான் அமலுக்கு வந்தது. இந்தியத் தண்டனைச் சட்டம் 1862-இலிருந்தும், சாட்சியச் சட்டம் 1872 செப்டம்பரிலிருந்தும் அப்போது அமலில் இருந்தன.

ஒரே ராத்திரியில் நடந்தாலும் சட்டத்தின் கண்ணில் இது ஒரே குற்றம் இல்லை.

மாடு: வெட்டவெளியில் கட்டியிருந்தால் தண்டனைச் சட்டத்தின் பிரிவு 379, 3 வருஷம் வரை சிறை. கூரையும் சுவரும் உள்ள கொட்டகை, பொருளைப் பாதுகாக்கப் பயன்படும் கட்டடம் என்று ஏற்கப்பட்டால் 380, 7 வருஷம் வரை. திருட்டு எந்த நொடியில் முழுமையாகிறது என்பதற்கு 378-ஆம் பிரிவே ஒரு மாட்டை உதாரணமாகக் காட்டுகிறது. பணப்பெட்டி சுமந்து போகும் காளையை, பெட்டியை எடுக்கும் எண்ணத்தோடு ஒருவன் ஒரு பக்கம் ஓட்டுகிறான். காளை அசைந்த உடனேயே பெட்டி திருடப்பட்டதாகிவிடுகிறது. வீட்டுக்குக் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும் என்பதில்லை.

குடமும் தண்டையும்: தானே சுவரில் போட்ட ஓட்டை வழியாக, சூரிய அஸ்தமனத்துக்கும் உதயத்துக்கும் இடையில் நுழைந்ததால் இது இரவுக் கன்னம். பிரிவு 457. திருடும் நோக்கம் இருந்தால் 14 வருஷம் வரை.

இந்த வித்தியாசம் ஏட்டோடு நிற்பதல்ல. புது நடைமுறைச் சட்டத்தின் 44-ஆம் பிரிவு சில குற்றங்களைக் குறிப்பிட்டு, அவை நடந்தது தெரிந்தவர் எவரும் மாஜிஸ்திரேட்டுக்கோ போலீசுக்கோ தகவல் கொடுத்தே ஆக வேண்டும் என்கிறது. அந்தப் பட்டியலில் 457 இருக்கிறது, 379 இல்லை. மாடு மட்டும் போயிருந்தால் வாயை மூடிக்கொண்டு இருப்பது குற்றமில்லை. சுவரில் ஓட்டை விழுந்துவிட்டதால் மூடி மறைத்தால் சம்சாரியே மாட்டிக்கொள்வான்.

#4 ஒற்றைவரி

அப்போ முதலில் சுவரை மெழுகிவிடுவான் என்று சொல்லுங்கள்.

#5 சாவடி

ஒற்றைவரி, சிரிப்புக்குச் சொன்னாலும் அதுதான் நடக்கும். மாட்டை மட்டும் பற்றிப் பேச வேண்டுமென்றால் கன்னம் வைத்த சேதி வெளியே போகக்கூடாது. தலையாரி பார்ப்பதற்குள் மண் குழைத்து அடைத்துவிட்டால் வழக்கு பாதியாகக் குறைந்துவிடும்.

#6 சந்தைமேடு

மாட்டைப் பற்றி மட்டும் நான் சொல்கிறேன்.

உழவு மாடு மணிக்கு இரண்டு மைல் நடக்கும். இருட்டியதும் அவிழ்த்தால் விடியும் முன் பதினைந்து இருபது மைல் தாண்டிவிடும். பகலில் ஓட்ட மாட்டார்கள். கரட்டிலோ ஓடைப் பள்ளத்திலோ கட்டிப்போட்டு ராத்திரி மறுபடி நடை. மூன்று ராத்திரியில் இன்னொரு தாலுகா, சில சமயம் இன்னொரு ஜில்லா.

மாட்டை அடையாளம் காண்பது ஐந்து விஷயங்களில்: நிறம், கொம்பு, சுழி (ரோமம் சுழன்றிருக்கும் இடம்), காதுவெட்டு, சூட்டுக்குறி. மயிலை, செவலை, காரி என்ற நிறத்தை மாற்ற வழியில்லை. சுழியையும் மாற்ற முடியாது. நெற்றி, முதுகு, திமில் ஓரம் என்று எந்த இடத்தில் என்ன சுழி என்பதை மாட்டுக்காரன் தூக்கத்தில்கூடச் சொல்வான். கொம்பைச் சீவலாம், ஆனால் சீவின கொம்பில் புது வெட்டு வெளுத்துத் தெரியும். எண்ணெயும் கரியும் பூசினாலும் விரலால் தேய்த்தால் வந்துவிடும். காதில் இருக்கும் வெட்டைப் பெரிதாக்கலாம், சின்னதாக்க முடியாது. சூட்டுக்குறிக்கு மேல் வேறு குறி சுடுவதுதான் வழக்கமான வேலை. பழைய தழும்பு வழவழப்பாக ரோமமில்லாமல் இருக்கும், புதுச் சூடு பொருக்குத் தட்டி நிற்கும். பொருக்கு உதிர்ந்து ஆறும் வரை சந்தைக்குக் கொண்டு வர முடியாது.

அதுவரை மாட்டுக்குத் தீனி போட வேண்டும், ஒளித்து வைக்க இடம் வேண்டும், பார்த்தவன் வாயை அடைக்க வேண்டும். கடைசியில் சந்தையில் தரகனும் ஒரு பங்கு எடுப்பான். துண்டுக்குள் விரல் பிடித்துப் பேசிய விலை மாட்டின் முழு விலையாக இருக்காது. சந்தேக மாடு என்றால் அடிமாட்டு விலைக்குக் கேட்பான்.

ஆகவே திருடினவனுக்கு லாபமான வாடிக்கைக்காரன் சந்தையில் இல்லை. மாட்டைப் பறிகொடுத்தவனேதான் நல்ல விலை கொடுப்பான். உழவு நேரத்தில் சோடி மாடு இல்லாவிட்டால் ஒரு போகமே போய்விடும். அதுவும் 1876-78 தாது வருஷப் பஞ்சத்தில் மாடுகள் கூட்டம் கூட்டமாகச் செத்து, சம்சாரிகள் மறுபடி மந்தை சேர்த்துக்கொண்டிருந்த காலம் இது. இன்னொரு சோடி வாங்குவது லேசில் நடக்காது.

#7 வைகைக்கரையான்

துப்புக்கூலி, அதாவது களவு போனதை மீட்கக் கொடுக்கும் பணம், இங்கேதான் வருகிறதா? தொகை எவ்வளவு, யார் கையில் கொடுப்பது?

#8 சந்தைமேடு

ஆமாம். பதிவுகளில் திரும்பத் திரும்ப வருவது மாட்டின் விலையில் பாதி. இதை ஆரம்ப விலை என்று எடுத்துக்கொள்ளுங்கள், பேரம் உண்டு.

கொடுக்கும் விதத்தில்தான் நுணுக்கம். களவாண்டவனும் மாட்டுக்காரனும் முகத்தோடு முகம் பார்ப்பதில்லை. நடுவில் ஒரு ஆள். அவன் காவல்காரனாக இருக்கலாம், பக்கத்து ஊர்ப் பெரியதனக்காரனாக இருக்கலாம், சாராயக்கடைக்காரனாகக்கூட இருக்கலாம். "மாடு இன்ன திசையில் மேய்வதாகக் கேள்வி, விசாரிக்கக் கொஞ்சம் செலவாகும்" என்பான். பணம் போன பிறகு மாடு கையில் வராது. குறிப்பிட்ட இடத்தில் அவிழ்ந்து திரியும், அல்லது எவனோ பயிரில் மேய்ந்ததாகப் பிடித்து அடைத்த கணக்கில் கொண்டித்தொழுவில் (மேய்ந்த மாட்டை அடைக்கும் சர்க்கார் பட்டியில்) கிடக்கும். சம்சாரி அபராதம் கட்டி ஓட்டிக்கொண்டு வருவான்.

கொண்டித்தொழு இதற்கு அருமையான இடம். 1871-இன் கால்நடை அத்துமீறல் சட்டப்படி அடைத்த மாட்டை 7 நாளுக்குள் யாரும் கேட்டு வராவிட்டால்தான் விஷயம் போலீசுக்குப் போகும். அவர்கள் விளம்பரம் ஒட்டி, இன்னும் 7 நாள் கழிந்த பிறகு ஏலம். அதற்குள் உடையவன் வந்து கேட்டால் ஏன், எப்படி என்று குடைய ஆளில்லை. களவு மாட்டுக்கு ஒரு சர்க்கார் ரசீது கிடைத்துவிடும்.

கோளாறு எங்கே வரும் என்றால், நடு ஆள் பணத்தை வாங்கிக்கொண்டு கைவிரிக்கும்போது. ஆனால் அப்படிச் செய்தால் அடுத்த தடவை அவனிடம் எவனும் போக மாட்டான். தொழிலே நம்பிக்கையில் நடப்பதால் அது அபூர்வம். இன்னொரு கோளாறு, சம்சாரி ஒரே நேரத்தில் ஸ்டேஷனுக்கும் போய், நடு ஆளிடமும் போனால். அந்தச் சோடி அப்படியே மறைந்துவிடும்.

#9 பிரிவு_411

அந்த நடு ஆளுக்கென்றே தண்டனைச் சட்டத்தில் ஒரு பிரிவு இருக்கிறது: 215. குற்றத்தால் பறிபோன பொருளை மீட்டுத் தருவதாகச் சொல்லிக் கைக்கூலி வாங்கினாலோ, வாங்கச் சம்மதித்தாலோ 2 வருஷம் வரை. ஒரே ஒரு தப்பிக்கும் வழி உண்டு. குற்றவாளியைப் பிடித்துத் தண்டனை வாங்கித் தரத் தன்னால் ஆன எல்லா முயற்சியும் எடுத்திருக்க வேண்டும். அதை எந்த நடு ஆள் செய்வான்?

ஆனால் இந்தப் பிரிவில் வழக்கு நிற்பது கஷ்டம். பணம் கொடுத்த சம்சாரியே சாட்சி. மாடு திரும்பிய பிறகு அவன் ஏன் கோர்ட்டுக்கு வந்து அடுத்த சோடியையும் இழக்க வேண்டும்? மாடு திரும்பாத கேசில்தான் 215 வெளியே வரும்.

"ஊரில் ராஜி செய்துகொண்டால் என்ன" என்று யாரும் கேட்பதற்கு முன் சொல்லிவிடுகிறேன். ராஜி செய்துகொள்ளக்கூடிய குற்றங்களின் பட்டியலில் திருட்டு கிடையாது. புகார் கொடுத்த பிறகு "பொருள் கிடைத்துவிட்டது, விட்டுவிடுங்கள்" என்று சொன்னால் வழக்கு தானாக முடியாது. ஸ்டேஷன் படி ஏறத் தயங்கியதற்கு இது பெரிய காரணம்.

#10 மூசை

தண்டையும் குடமும் என் பங்கு.

வெள்ளித் தண்டையை எடை போட்டது ரூபாய்க் காசை வைத்துத்தான். ஒரு ரூபாய் ஒரு தோலா, 180 கிரெய்ன், அதாவது பதினொன்றே முக்கால் கிராமுக்குச் சற்றுக் குறைவு. பன்னிரண்டில் பதினொரு பங்கு சுத்த வெள்ளி. "முப்பது ரூபாய் எடைத் தண்டை" என்றால் தராசின் ஒரு தட்டில் தண்டை, மறு தட்டில் முப்பது ரூபாய்.

1883-இல் வெள்ளி நகை கிட்டத்தட்டக் கையிலிருக்கும் காசு. நாணயச்சாலைகள் யார் வெள்ளி கொண்டுபோனாலும் சொற்பக் கழிவு பிடித்துக்கொண்டு ரூபாயாக அடித்துக் கொடுத்த காலம். சென்னை நாணயச்சாலையை 1869-லேயே மூடியாயிற்று, பம்பாயும் கல்கத்தாவும் நடந்தன. அதனால் வெள்ளிக்கட்டியின் விலை ரூபாயின் விலையை விட்டு அதிகம் விலகாது. 1893 ஜூனில் பொதுமக்கள் வெள்ளிக்கு நாணயச்சாலையை மூடிய பிறகுதான் நகை வெள்ளி ரூபாயை விட்டுப் பிரிந்து கீழே இறங்கியது. உங்கள் கதை 1895-இல் நடந்திருந்தால் அதே தண்டைக்குத் திருடனுக்குக் கிடைக்கும் காசு குறைவு.

உருக்கும் வேலை எளிது. வெள்ளி 961 டிகிரி செல்சியசில் உருகும். கும்மட்டி அடுப்பில் கரி, களிமண் மூசை (உருக்கும் கிண்ணம்), ஊதுகுழல், ஒரு சிட்டிகை வெண்காரம் போதும். தண்டையை வெட்டித் துண்டாக்கிப் போட வேண்டும். உள்ளே பரல் இருந்தால் அதை முதலில் கொட்டிவிட வேண்டும். ஒரு நாழிகையில் கட்டியாகிவிடும். அப்புறம் பெற்ற தாய்க்கும் அடையாளம் தெரியாது. நீதிமன்றத்தில் "இந்தக் கட்டி என் தண்டை" என்று எவனும் சத்தியம் செய்ய முடியாது. எடை ஒத்துப்போகிறது என்பது மட்டும் மிஞ்சும். உருக்கும் பத்தர் (நகை ஆசாரி) கொஞ்சம் செம்பு கலந்தால் அதுவும் போயிற்று.

பித்தளைக் குடம் நேர் எதிர். இரண்டு வீசைக் குடம் என்றால் இன்றைய கணக்கில் இரண்டே முக்கால் கிலோவுக்கு மேல். கும்மட்டியில் அடங்காது, பத்தர் மூசையிலும் அடங்காது. பாத்திரம் செய்யும் கன்னாரின் பெரிய உலை வேண்டும். பித்தளையை உருக்கினால் துத்தநாகம் எரிந்து வெள்ளைப் புகை கிளம்பும், ராத்திரியில் உலை எரிந்தால் தெருவே கேட்கும். குடத்தை அப்படியே விற்றால் கழுத்திலோ விளிம்பிலோ வெட்டிய பெயர் இருக்கிறது. கல்யாணச் சீராக வந்த பாத்திரத்தில் பெயர் வெட்டாமல் இருக்க மாட்டார்கள். அரத்தால் ராவினால் அந்த இடம் பள்ளமாகப் பளபளக்கும், சுத்தியால் தட்டினால் நெளிவு தெரியும். எனவே நசுக்கிப் பழைய பித்தளையாக எடைக்குப் போட வேண்டும், பாதி விலைகூட வராது.

மதிப்பு குறைந்த குடம்தான் சிக்க வைக்கும். தண்டையோடு நின்றிருந்தால் திருடன் புத்திசாலி.

#11 ஒற்றைவரி

அப்படியானால் குடத்தை ஏன் எடுக்கிறான்?

#12 மூசை

உள்ளே போனவனுக்கு இருட்டில் கைக்குக் கிடைப்பது அதுதான். நகை பானைக்குள்ளோ அடுப்புக்கு அடியிலோ புதைந்திருக்கும். தண்டை கிடைத்ததே அதிர்ஷ்டம். எடுத்த குடத்தை விற்பதைவிட அடகு வைப்பதே அதிகம். சாராயக்கடையில் குடத்தை வைத்துக் குடித்துவிட்டுப் போகிறவன் உண்டு. கடைக்காரன் வாங்கவில்லை, பிடித்து வைத்திருக்கிறான் என்பது அவன் தரப்புக் கதை.

#13 பிரிவு_411

அந்தக் கதை எவ்வளவு தூரம் செல்லும் என்பது சாட்சியச் சட்டம் 114-ஆம் பிரிவின் முதல் உதாரணத்தில் இருக்கிறது. திருட்டு நடந்த சிறிது காலத்துக்குள் திருட்டுப் பொருள் ஒருவன் கைவசம் இருந்து, அவன் கணக்குச் சொல்ல முடியாவிட்டால், அவனே திருடன் அல்லது தெரிந்தே வாங்கியவன் என்று நீதிமன்றம் ஊகிக்கலாம். ஊகித்தே ஆக வேண்டும் என்று இல்லை. அதே பிரிவு எதிர்ப்பக்கத்தையும் சொல்கிறது. கடைக்காரன் கல்லாவில் அடையாளமிட்ட ரூபாய் ஒன்று கிடைக்கிறது, எப்படி வந்தது என்று அவனால் சொல்ல முடியவில்லை. ஆனால் அவன் வியாபாரத்தில் ஓயாமல் ரூபாய் வாங்குகிறவன். இதையும் கணக்கில் எடுக்க வேண்டும்.

"சிறிது காலம்" எவ்வளவு என்பது பொருளைப் பொறுத்தது. கைமாறிக்கொண்டே இருக்கும் காசுக்கு அது மிகக் குறைவு. பெயர் வெட்டிய குடத்துக்கும், சுழி பார்த்து வாங்கும் மாட்டுக்கும் அதிகம். கடைக்காரன் ரூபாய்க்குச் சொல்லும் சாக்கைக் குடத்துக்குச் சொல்ல முடியாது.

வாங்கியவனுக்கு 411, 3 வருஷம் வரை. திருட்டுப் பொருள் வாங்குவதையே பழக்கமாக வைத்திருந்தால் 413, ஆயுள் நாடுகடத்தல் வரைக்கும் போகும். ஒளிக்க உதவினால் 414. கிராமத் தலைவர்கள் கட்டாயம் சொல்ல வேண்டிய சங்கதிகளில், நடைமுறைச் சட்டத்தின் 45-ஆம் பிரிவின்படி, திருட்டுப் பொருள் வாங்கி விற்பதில் பேர்போன ஆள் ஊரில் தங்கியிருப்பதும் அடங்கும். சாராயக்கடைக்காரன் பேரை எத்தனை முன்சீப்புகள் எழுதி அனுப்பியிருப்பார்கள் என்பது உங்கள் யூகத்துக்கு.

#14 புள்ளிக்கணக்கு

இதுவரை எல்லோரும் சட்டமும் சந்தையும் ஒழுங்காக நடந்தது போலப் பேசுகிறீர்கள். போலீஸ் ஸ்டேஷனுக்குள் என்ன நடந்தது என்று ஒருவரும் தொடவில்லை.

1855-இல் சென்னை சித்திரவதை விசாரணைக் கமிஷன் அறிக்கை வந்தது. எலியட், ஸ்டோக்ஸ், நார்ட்டன் என்ற மூவர். வரி வசூலுக்கு மட்டுமல்ல, களவுப் பொருளை வெளியே வரவழைக்கவும் கிட்டி போட்டு விரலை நெரிப்பது, அனந்தால் போட்டுக் குனிய வைத்துக் கட்டுவது எல்லாம் நடந்ததென்று அதில் குவிந்து கிடக்கிறது. அதன் பிறகு 1859-இன் 24-வது சட்டத்தால் புதுப் போலீஸ் உண்டானது, ராபின்சன் முதல் இன்ஸ்பெக்டர் ஜெனரல்.

சித்திரவதைக்கு மருந்தாகப் போலீசிடம் சொன்ன வாக்குமூலம் செல்லாது என்றார்கள். முதலில் 1861 நடைமுறைச் சட்டத்தில், பிறகு சாட்சியச் சட்டத்தின் 25, 26-ஆம் பிரிவுகளில். ஆனால் அடுத்த வரியிலேயே 27 வருகிறது. காவலில் இருப்பவன் சொன்ன தகவலால் ஒரு பொருள் கண்டெடுக்கப்பட்டால், அதற்கு நேரடியாகச் சம்பந்தப்பட்ட பகுதி மட்டும் செல்லும். விளைவு என்ன? வாக்குமூலத்துக்கு விலை வேண்டுமானால் கூடவே ஒரு குடம் வேண்டும். "நான் புதைத்த இடத்தைக் காட்டுகிறேன்" என்ற வாசகமும், அந்த இடத்தில் தோண்டினதும் வெளிவரும் பாத்திரமும் பிரிக்க முடியாத சோடியாகிவிட்டன. பாத்திரம் உண்மையில் அங்கே இருந்ததா, முதல் நாள் வைத்ததா என்பதை மகஜரில் (கண்டெடுத்ததை எழுதிய பத்திரத்தில்) கையெழுத்துப் போட்ட இரண்டு ஊர்க்காரர்கள்தான் சொல்ல வேண்டும். அந்த இரண்டு பேரைப் பொறுக்குகிறவர் யார்? சோதனை போடும் அதிகாரியே.

அடுத்து கணக்கு. வருடாந்தரப் போலீஸ் அறிக்கையில் களவு போன சொத்தின் மதிப்பு ஒரு கட்டத்தில், மீட்ட சொத்தின் மதிப்பு அடுத்த கட்டத்தில். அதிகாரியின் திறமையை அந்த இரண்டின் விகிதத்தில் அளந்தார்கள். விகிதத்தைக் கூட்ட இரண்டு வழி. மீட்பைக் கூட்டுவது, அல்லது களவைப் பதிவு செய்யாமல் விடுவது. இரண்டாவதற்குக் கால் நோகாது. துப்பு கிடைக்காது என்று தோன்றுகிற புகாரை ஏட்டில் ஏற்றாமல் "மாடு தானாகக் காணாமல் போயிருக்கும், தேடிப் பார்" என்று திருப்பி அனுப்பிவிடலாம்.

ஆகவே அந்த அறிக்கைகளை வைத்து "இந்த வருஷம் மதுரையில் இவ்வளவு திருட்டு" என்று எழுதுகிறவர்களை நான் நம்புவதில்லை. துப்புக்கூலியில் தீர்ந்தது ஏட்டில் இல்லை, ஸ்டேஷன் திருப்பி அனுப்பியது ஏட்டில் இல்லை, முன்சீப் சாவடியில் முடிந்தது வேறு ஏட்டில். மிஞ்சியது பேரம் முறிந்த களவுகளின் கணக்கு.

#15 சாவடி

கடைசி வரி சரி. ஆனால் கொஞ்சம் திருத்தம். பஞ்ச காலத்தில் ஏட்டு எண்ணிக்கை ஏறுவது வெறும் பதிவு மாயம் இல்லை. 1866, 1876-78, 1891-92 என்று தானிய விலை ஏறிய வருஷங்களில் கொள்ளையும் தானியக் களவும் கூடவே ஏறுகின்றன. துப்புக்கூலி கொடுக்கச் சம்சாரியிடம் காசு இல்லாததால் பேரம் முறிந்ததும் அதில் ஒரு பங்கு என்று வேண்டுமானால் உங்கள் கட்சியோடு சேர்த்துக்கொள்ளலாம்.

#16 தெற்குத்தெரு

மதுரை ஜில்லா என்றால் மாடு பிடித்தவர்கள் எந்தச் சாதி என்று எல்லோருக்கும் தெரியும், ஏன் சுற்றி வளைக்கிறீர்கள்? குற்றப் பரம்பரைச் சட்டம் சும்மாவா வந்தது?

#17 நெறியாளர்

சாதிக்குக் குணம் ஒட்டும் பேச்சு இங்கே வேண்டாம். தேதியோடும் சட்டத்தோடும் பதில் சொல்ல விரும்புகிறவர்கள் சொல்லலாம்.

#18 பிரிவு_411

தேதியோடு: குற்றப் பரம்பரைச் சட்டம் 1871-இல் வந்தது, வட இந்தியாவுக்கு. சென்னை மாகாணத்துக்கு வந்தது 1911-இன் புதுச் சட்டத்தில். இங்கே 1947-இல் ரத்தானது. 1883 மதுரையில் அது இல்லவே இல்லை. அன்று கையில் இருந்தது நடைமுறைச் சட்டத்தின் 110-ஆம் பிரிவு. பழக்கமான திருடன், பழக்கமாகத் திருட்டுப் பொருள் வாங்குகிறவன் என்று பேர் எடுத்தவனிடம் நன்னடத்தை ஜாமீன் கேட்பது, கொடுக்க முடியாவிட்டால் சிறை. அதற்கும் ஆளாளாக விசாரணை வேண்டும், பிறப்பு போதாது.

#19 சாவடி

காவல் கூலி வாங்கியவர்களில் கள்ளரும் மறவரும் அதிகம் என்பது உண்மை. அது புஞ்சைக் காட்டில் நிலமில்லாதவனுக்கு ஒரு தொழில், பிறவிக் குணம் இல்லை. தொழிலாகப் பார்த்தால்தான் அதன் கணக்கும் புரியும். கூலி கொடுக்கும் ஊரில் களவு குறைவு, நிறுத்திய ஊரில் அதிகம். பாதுகாப்பா மிரட்டலா என்றால், ஒரே காவல்காரன் ஒரு வருஷம் அதுவாகவும் மறு வருஷம் இதுவாகவும் இருந்திருக்கிறான்.

#20 புள்ளிக்கணக்கு

இது எனக்கு ஒப்பவில்லை. கூலி நிறுத்தினால் மாடு போகும் என்றால் அதற்குப் பெயர் காப்பீடு இல்லை. கொடுத்தவர்கள் என்ன நினைத்தார்கள் என்பதற்கு 1896-ஐப் பாருங்கள். திண்டுக்கல், பழனி வட்டாரத்தில் ஊர் ஊராகச் சேர்ந்து காவல்காரர்களை விலக்கினார்கள். பொது நிதி திரட்டித் தங்கள் ஆட்களையே காவலுக்கு வைத்தார்கள். அம்மையப்பக் கோன் என்பவர் பெயர் அதில் முன்னால் வரும். வீடு கொளுத்தினது வரை போனது. விரும்பிக் கட்டிய சந்தாவை யாரும் அப்படி விட மாட்டார்கள்.

#21 சாவடி

வீடு கொளுத்தப்பட்டது யாருடையது என்றும் சேர்த்துச் சொல்லுங்கள். விலக்கப்பட்ட பக்கத்துக் குடும்பங்களும் ஊரை விட்டு ஓடின. போலீஸ் சம்பளம் கொடுத்த சர்க்கார் ஊர்க்காவலுக்கு என்ன செய்தது? தலையாரி மானியத்தை எடுத்துச் சம்பளமாக்கியது. 1864-இல் கிராமச் செலவு வரி போட்டது, தீர்வையில் (நில வரியில்) ரூபாய்க்கு 1 அணா வரை. சம்சாரி வரியும் கட்டி, காவல் கூலியும் கட்டினான். ஒன்றுக்கு ரசீது உண்டு, மற்றதில் மாடு திரும்பியது.

#22 வைகைக்கரையான்

இந்தச் சண்டை தொடரட்டும். என் சம்சாரிக்குத் திரும்புகிறேன். மாடு துப்புக்கூலியில் வந்துவிட்டது, தண்டை போய்விட்டது. குடம் மட்டும் சாராயக்கடையில் அகப்பட்டு வழக்காகிறது என்று வைத்துக்கொள்வோம். தாலுகாவில் என்ன நடக்கும்?

#23 பிரிவு_411

ஸ்டேஷனில் சொல்லும் தகவலை எழுதி, படித்துக் காட்டி, கையெழுத்தோ கீறலோ வாங்குவார்கள். திருட்டு, பிடியாணை இல்லாமல் கைது செய்யக்கூடிய குற்றம். அதனால் மற்றச் சில்லறைப் புகார்களுக்கான 8 அணாக் கோர்ட்டுக் கட்டணம் இதற்கு இல்லை. செலவெல்லாம் நடையில்தான். கோர்ட்டு நாள் தள்ளிப் போகப் போக வேலை கெடும், சாட்சிக்கு வந்த ஆட்களுக்குச் சாப்பாடு போட வேண்டும்.

கடைக்காரன் மேல் 411. தாலுகா மாஜிஸ்திரேட் பெரும்பாலும் இரண்டாம் வகுப்பு: 6 மாதம், 200 ரூபாய் அபராதம் வரை. மூன்றாம் வகுப்பு என்றால் 1 மாதம், 50 ரூபாய். முதல் வகுப்பு 2 வருஷம், 1000 ரூபாய். சட்டப் புத்தகத்தில் 3 வருஷம் என்று இருந்தாலும் எந்தப் படியில் விசாரணை என்பதே உச்சவரம்பை முடிவு செய்கிறது. பொருளின் மதிப்பு 50 ரூபாய்க்கு மேல் போகாத திருட்டையும் 411-ஐயும் அதற்கு அதிகாரம் பெற்ற மாஜிஸ்திரேட் சுருக்க விசாரணையிலேயே முடிக்கலாம், அப்போது 3 மாதத்துக்கு மேல் சிறை போட முடியாது.

சவுக்கடியும் உண்டு. 1864-இன் 6-வது சட்டப்படி திருட்டுக்கும், திருட்டுப் பொருள் வாங்கியதற்கும் சிறைக்குப் பதிலாக அடி கொடுக்கலாம். பிரம்பு என்றால் 30 அடிக்கு மேல் கூடாது, தவணை முறையில் கொடுக்கக் கூடாது, பெண்களுக்குக் கிடையாது. பஞ்ச வருஷங்களில் சிறை நிரம்பியபோது சர்க்காருக்கு இது மலிவான வழி.

குடத்தை அடையாளம் காட்டும்போது பெயரை மட்டும் சொன்னால் போதாது. ஒரே பெயர் பத்து வீட்டில் இருக்கும். அடியில் ஈயம் வைத்து அடைத்த ஓட்டை, கழுத்தில் நெளிவு, எந்தக் கன்னாரிடம் வாங்கியது என்பதைப் பொருளைக் காட்டுவதற்கு முன்பே சொல்லியிருக்க வேண்டும். முதல் தகவலில் "பித்தளைக் குடம் 2" என்று மட்டும் எழுதியிருந்தால் எதிர்த்தரப்பு அதையே பிடித்துக்கொள்ளும். பெரும்பாலான ஏட்டில் அப்படித்தான் எழுதியிருக்கும்.

தீர்ப்பானதும் குடம் கையில் வராது. மேல்முறையீட்டுக் கெடு 30 நாள், அது கழியும் வரை கோர்ட்டுச் சாமான் அறையில் கிடக்கும்.

#24 சந்தைமேடு

மாடு சாட்சிப் பொருளாகியிருந்தால் அதைச் சாமான் அறையில் வைக்க முடியாது. தீனி யார் போடுவது? கேட்கும்போது கொண்டு வருவதாக முச்சலிக்கை எழுதி வாங்கிக்கொண்டு உடையவனிடமே விட்டுவிடுவார்கள். சந்தையில் நல்லெண்ணத்தோடு காசு கொடுத்து வாங்கியவன் கதி என்ன என்று யாராவது சொல்லுங்கள். சந்தைச் சீட்டு கையில் இருந்தால் மாடு அவனுக்கே என்று பலர் நினைக்கிறார்கள்.

#25 பிரிவு_411

இல்லை. இங்கிலாந்தில் திறந்த சந்தையில் வாங்கியவனுக்கு உரிமை என்ற பழைய விதி இருந்தது, இந்தியாவில் அதை ஏற்கவில்லை. 1872-இன் ஒப்பந்தச் சட்டம் 108-ஆம் பிரிவுப்படி விற்றவனுக்கு இல்லாத உரிமை வாங்கியவனுக்கு வராது. மாடு உடையவனுக்குப் போகும். சீட்டு அவனை 411-இலிருந்து காப்பாற்றும், மாட்டைக் காப்பாற்றாது. 1882 சட்டத்தின் 519-ஆம் பிரிவில் ஒரு சின்ன ஆறுதல் உண்டு. திருடனைப் பிடிக்கும்போது அவன் மடியில் பணம் இருந்து எடுத்திருந்தால், தெரியாமல் வாங்கியவனுக்குக் கொடுத்த விலை அளவுக்கு அதிலிருந்து கொடுக்கச் சொல்லலாம்.

#26 ஒற்றைவரி

மடியில் இருந்தால்.